அலைவதும் தப்பியோடுவதும்: ஆங்கிலத்திலிருந்து ரஷ்யனுக்கு மொழிபெயர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் 'வாண்டர்' என்ற ஒரு சொல் எல்லா வேலையும் பார்க்கும். பூங்காவில் உலாத்துபவனும் வாண்டர், காட்டில் வழி தொலைந்தவனும் வாண்டர், வீடு வாசல் இழந்து ஊர் ஊராக அலைபவனும் வாண்டர்தான். ரஷ்யனில் இந்த மூவருக்கும் மூன்று வினைச்சொற்கள். 'ஃப்ளீ', 'எஸ்கேப்' கதையும் இதேதான். அகராதியைத் திறந்தால் ஒரே சொல்லுக்கு எட்டு ரஷ்யச் சொற்கள் வரிசையாக நிற்கும். முதலில் இருப்பதை எடுத்துப் போட்டால் பாதி நேரம் தப்பாகும்.

தமிழ் தெரிந்தவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. உலாவுவது, திரிவது, அலைவது, வழிதவறுவது, நழுவுவது, தலைமறைவாவது என்று தமிழும் இவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. ஆங்கில வாக்கியத்தை மனதுக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாலே சரியான ரஷ்யச் சொல் பாதி கிடைத்துவிடும்.

எழுத்துமுறை பற்றி ஒரு குறிப்பு. கீழே ரஷ்யச் சொற்கள் ஒலிப்பைத் தழுவித் தமிழில் தரப்பட்டுள்ளன. நெடில் வரும் இடத்தில் அழுத்தம் விழுகிறது என்று கொள்க. அழுத்தம் இல்லாத 'ஓ' ரஷ்யனில் 'அ' போல ஒலிக்கும். அதனால் எழுத்தில் 'ப்ரோதித்' என்றிருப்பது இங்கே 'ப்ரதீத்' ஆகிறது. சொற்களின் முடிவில் வரும் மென்மைக் குறியையும், ச-ஷ-ஸ வரிசையில் உள்ள அதிர்வொலி வேறுபாட்டையும் தமிழ் எழுத்தில் காட்ட முடியாது. எழுதும்போது அகராதியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: சொல்லைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள்

'வாண்டர்', 'ரோம்', 'ரேம்பிள்', 'ஸ்ட்ரே', 'டிரிஃப்ட்' எது வந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். அவருக்கு வழி தெரியுமா? திரும்பிப் போக வீடு இருக்கிறதா? சொல்பவர் அவரை எப்படிப் பார்க்கிறார், பரிவோடா, எரிச்சலோடா?

வழியும் தெரியும், வீடும் இருக்கிறது, நோக்கம் மட்டும் இல்லை என்றால் 'ப்ரதீத்'. இதுதான் பொதுச்சொல், நம் 'சுற்றித் திரிவது'. 'ஓன் ப்ரதீல் ப கோரது த உத்ரா' என்றால் விடியும்வரை நகரத்தைச் சுற்றித் திரிந்தான். சந்தேகமாக இருக்கும்போது இதைப் போட்டால் பெரிய சேதம் வராது. ஆனால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்க்கவேண்டும். இதே வினைக்குப் 'புளிப்பது, நொதிப்பது' என்றும் பொருள் உண்டு. திராட்சை மதுவோ, க்வாஸ் என்ற ரொட்டிப் பானமோ 'ப்ரோதித்' என்றால் அது எங்கும் நடந்து போகவில்லை, பீப்பாயிலேயே நொதித்துக்கொண்டிருக்கிறது.

வழி தெரியவில்லை என்றால் 'ப்ளுஷ்தாத்'. 'மி த்ரி சிசா ப்ளுஷ்தாலி ப லேஸு': மூன்று மணிநேரம் காட்டில் வழிதெரியாமல் சுற்றினோம். இதே வேரிலிருந்து வரும் 'ஸப்ளுதீத்ஸ' என்பது வழிதவறிவிட்ட அந்தக் கணத்தைக் குறிக்கும் முற்றுவினை, அதாவது செயல் முடிந்துவிட்டதைச் சொல்லும் வினை. 'ஸப்ளுஷ்தாத்ஸ' என்றாலோ கால் தவறவில்லை, கருத்து தவறியிருக்கிறது: தவறாக எண்ணிக்கொண்டிருப்பது. ஓரிரு எழுத்து வித்தியாசத்தில் காட்டில் தொலைந்தவர் தப்பெண்ணம் கொண்டவராகிவிடுவார். நிலைகொள்ளாமல் அலையும் பார்வைக்கும் ப்ளுஷ்தாத்தான். உடற்கூறியலில் வேகஸ் நரம்புக்கு ரஷ்யப் பெயர் 'ப்ளுஷ்தாயுஷி நேர்வ்', அதாவது அலையும் நரம்பு. லத்தீன் பெயரின் பொருளும் அதுவே.

வீடே இல்லை, அலைச்சலில் துன்பம் இருக்கிறது என்றால் 'ஸ்கிதாத்ஸ'. நாடிழந்தவர், விரட்டப்பட்டவர், வாடகைக்கு இடம் கிடைக்காமல் தெரிந்தவர் வீடுகளில் மாறி மாறித் தங்குபவர் எல்லோருக்கும் இது பொருந்தும். சுற்றுலாப் பயணியைப் பற்றி எழுதும்போது போட்டால் வாசகர் சிரிப்பார் அல்லது பரிதாபப்படுவார்.

'ஸ்த்ரான்ஸ்த்வவத்' பெருமையான சொல். நாடு நாடாகப் போவது, பார்த்து அறிவது, கொஞ்சம் பழைய வாசனை. இதிலிருந்து வரும் 'ஸ்த்ரான்னிக்' நம் பழைய பொருளிலான பரதேசி: ஊர் ஊராக நடந்துபோகும் பக்தன். குறிப்பிட்ட புனிதத் தலத்துக்குப் போகிறவர் என்றால் 'பலோம்னிக்' என்று எழுதவேண்டும். 'ஸ்த்ரான்னி' என்ற பெயரடை கிட்டத்தட்ட இதேபோல ஒலித்தாலும் அதன் பொருள் 'விசித்திரமான'. அவசரத்தில் தட்டச்சு செய்பவர்கள் இங்கே வழுக்குகிறார்கள்.

கூட்டமாக, ஆடுமாடுகளோடு, பருவத்துக்கு ஏற்ப இடம் மாறுவது 'கச்சிவாத்'. அப்படி வாழ்பவர் 'கச்சேவ்னிக்', நாடோடி.

சொல்பவருக்கு எரிச்சல் என்றால் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. வேலைவெட்டி இல்லாமல் வளையவருவது 'ஸ்லன்யாத்ஸ'. ஊர் மேய்வது 'ஷ்ல்யாத்ஸ', இது வசவுக்குப் பக்கத்தில் நிற்கும் சொல். 'எங்கேடா இவ்வளவு நேரம் சுத்திட்டு வர்றே?' என்று தாய் கேட்கும் தொனிக்கு இது சரி, செய்திக்கட்டுரைக்கு ஆகாது.

நிதானமான உலா 'குல்யாத்'. ஆங்கில 'ஸ்ட்ரோலு'க்கு இதுவே போதும். ஆனால் இதே சொல் குடித்துக் கொண்டாடுவதையும், மணவாழ்வில் துரோகம் செய்வதையும் குறிக்கும். கணவனை விட்டு இன்னொருவரோடு 'உலாவுகிறாள்' என்ற பொருள் தற்செயலாக வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'ப பார்கு', அதாவது 'பூங்காவில்', என்று இடத்தைச் சேர்த்துவிட்டால் ஆபத்து போய்விடும்.

இரண்டாம் படி: ஜோடியும் முன்னொட்டும்

ரஷ்ய இயக்கவினைகள் இரட்டையாக வரும்: ஒன்று திசையில்லாதது, மற்றது ஒரே திசையில் போவது. ப்ரதீத்தின் ஜோடி 'ப்ரிஸ்தீ'. இங்கேதான் ஆங்கிலத்திலிருந்து வருபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ப்ரிஸ்தீ என்றால் 'ஒரு திசையில் அலைவது' அல்ல. களைத்து, காலை இழுத்து இழுத்து, மெல்ல நடந்துபோவது. பனியில் வீடு திரும்பும் கிழவர் ப்ரிஸ்தீ. ஆங்கிலத்தில் 'டிரட்ஜ்', 'பிளாட்' என்று வந்தால் இதை எடுக்கலாம்.

ப்ரதீத் தன்மையில் மெய்யெழுத்தை மாற்றிக்கொள்ளும்: நான் 'ப்ரஷூ', நீ 'ப்ரோதிஷ்'. அழுத்தமும் முன்னே நகர்ந்துவிட்டதைக் கவனியுங்கள்.

முன்னொட்டுகள் ஆங்கிலத்தின் துணைச்சொற்களுக்கு ஈடு. கொஞ்சநேரம் சுற்றிவிட்டு வருவது 'பப்ரதீத்'. ஒரு குறிப்பிட்ட காலம் முழுக்க வழிதெரியாமல் கழிப்பது 'ப்ரப்ளுஷ்தாத்'. மூன்று மணிநேரம், இரவு முழுக்க என்று கால அளவு கூடவே வரவேண்டும். கால்போன போக்கில் போய் ஓரிடத்தில் நுழைந்துவிடுவது 'ஸப்ரிஸ்தீ'. அலைகையில் எதேச்சையாக ஒன்றைக் கண்டுபிடிப்பது 'நப்ரிஸ்தீ'. கூட்டம் கலைந்து ஆளுக்கொரு பக்கம் போவது 'ரஸ்ப்ரிஸ்தீஸ்'. நகரம் முழுவதையும் ஒரு மூலை விடாமல் நடந்து தீர்ப்பது 'இஸ்ஹதீத்', இதற்கு மட்டும் நகரம் நேரடிச் செயப்படுபொருளாக வரும்.

மற்றபடி ஆங்கிலத்தில் 'தெருக்களை ரோம் செய்தான்' என்பதுபோல இடம் செயப்படுபொருளாக இருந்தால் ரஷ்யனில் 'ப' என்ற முன்னிடைச்சொல்லும் கொடை வேற்றுமையும் கட்டாயம்: 'ப ஊலித்ஸம்'. வேற்றுமைகளுக்கு இங்கே எண் சொல்லாமல் பெயர் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழில் கொடை நான்காவது, உடைமை ஆறாவது. ரஷ்யப் பள்ளி வரிசையில் உடைமை இரண்டாவது, கொடை மூன்றாவது. எண்ணை நம்பினால் குழப்பம்தான் மிஞ்சும்.

மூன்றாம் படி: ஓட்டத்தைப் பிரித்தறிதல்

'பிஷாத்' என்ற வினைதான் மையம். இதற்கு இரண்டு உயிர்: ஓடுவது, தப்பியோடுவது. ஓடுவது என்ற பொருளில் இது தொடர்வினை மட்டுமே, அதாவது செயல் நடந்துகொண்டிருப்பதைச் சொல்லும் வினை. தப்பியோடுவது என்ற பொருளில் தொடராகவும் முற்றாகவும் வரும். 'ஓன் பிஷால்' என்று தனியே நின்றால் ஓடிக்கொண்டிருந்தானா, தப்பிவிட்டானா என்று சொல்ல முடியாது. முன்னிடைச்சொல்தான் தீர்ப்புச் சொல்லும். 'பிஷால் ப ஊலித்ஸெ': தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். 'பிஷால் இஸ் ப்லேன': எதிரியின் பிடியிலிருந்து தப்பிவிட்டான்.

உருத்திரிபும் ஒழுங்கற்றது. நான் 'பிகூ', நீ 'பிஷீஷ்', அவர்கள் 'பிகூத்', ஏவல் 'பிகீ'. ஆபத்து நேரத்தில் உடல் சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராவதைச் சொல்லும் 'ஃபைட் ஆர் ஃப்ளைட்' ரஷ்யனில் 'பேய் இலி பிகீ', அதாவது 'அடி அல்லது ஓடு'. பேய் என்பது இங்கே அடி என்ற ஏவல். தமிழ்க் காதுக்கு இதை மறக்கவே முடியாது.

முன்னொட்டு சேர்ந்தால் பொருள் கூர்மையாகும். 'உபிஷாத்' இடத்தைவிட்டு ஓடிவிடுவது. நாயும் ஓடலாம், குழந்தையும் ஓடலாம். 'ஸ்பிஷாத்' கட்டுப்பாட்டிலிருந்து நழுவி ஓடுவது: வகுப்பு, சிறை, திருமண மேடை. 'இஸ்பிஷாத்' என்பதில் ஓட்டமே இல்லை. தண்டனையிலிருந்து, விபத்திலிருந்து தப்பிப்பது, அதாவது அது நேராமல் போவது. இதற்கு முன்னிடைச்சொல் கிடையாது, உடைமை வேற்றுமை மட்டும். 'தண்டனையிலிருந்து எஸ்கேப் ஆனான்' என்பதை ஸ்பிஷாத் கொண்டு மொழிபெயர்ப்பது அடிக்கடி காணும் பிழை.

அழுத்தம் மாறினால் ஆளே மாறும் ஒரு ஜோடியும் இருக்கிறது. எழுத்தில் ஒன்றே. 'ஸ்பேகத்' என்றால் கடைக்கு ஓடிப்போய் வாங்கிவருவது, முற்றுவினை. 'ஸ்பிகாத்' என்றால் தப்பியோடிக்கொண்டிருப்பது, தொடர்வினை. ரொட்டி வாங்க அனுப்பிய பையன் ஒலிப்பதிவில் ஓடிப்போனவன் ஆகிவிடக்கூடும். குரல்கொடுப்பவருக்கான வசனத்தாளில் அழுத்தக்குறியைப் போட்டே அனுப்புங்கள்.

உயிர் பிழைக்க ஓடுவதை அழுத்திச் சொல்லவேண்டுமானால் 'ஸ்பஸாத்ஸ', முற்றாக 'ஸ்பஸ்தீஸ்'. போர், தீ, வெள்ளம் ஆகியவற்றிலிருந்து தப்புவதற்குப் பொருத்தமான சொல். தலைமறைவாவது 'ஸ்க்ரீத்ஸ'. விபத்து ஏற்படுத்திய ஓட்டுநர் ஓடிவிட்டார் என்ற செய்தியில் பிஷாத் போடாதீர்கள். ரஷ்யச் செய்தியில் அவர் பெரும்பாலும் 'ஸ்க்ரீல்ஸ ஸ் மேஸ்த அவாரிஇ', விபத்து இடத்திலிருந்து மறைந்துவிட்டார். காரை ஓட்டிக்கொண்டு போனவரைக் கால்நடையாக ஓடவிட்டால் வாசகருக்கு உறுத்தும். போலீஸ் பல மாதமாகத் தேடுகிறது என்றால் 'வ் பிகாஹ்' என்ற தொடர் இருக்கிறது, தலைமறைவு வாழ்க்கை.

நான்காம் படி: எங்கிருந்து?

ஆங்கிலத்தில் 'ஃப்ரம்' ஒன்று. தமிழில் 'இலிருந்து' ஒன்று. இந்த இடத்தில் நமக்கு வசதி இல்லை, ரஷ்யன் நான்காகப் பிரிக்கிறது. நான்கும் உடைமை வேற்றுமையை எடுக்கும்.

உள்ளே இருந்த இடமானால் 'இஸ்': சிறை, நாடு, வீடு. பரப்பாகவோ நிகழ்வாகவோ ரஷ்யன் கருதும் இடமானால் 'ஸ்': போர்முனை, வகுப்பு, விபத்து நடந்த இடம், தீவு. 'அங்கே' என்று போகும்போது 'ந' எடுக்கும் பெயரெல்லாம் திரும்பும்போது 'ஸ்' எடுக்கும் என்று நினைவில் வையுங்கள். துரத்தும் ஆளோ அச்சுறுத்தும் பொருளோ ஆனால் 'அத்': போலீஸிடமிருந்து, பெற்றோரிடமிருந்து, போரிலிருந்து. காவலின் பிடியிலிருந்து என்றால் 'இஸ்-பத்'.

போர் என்ற சொல் இரண்டு பக்கமும் வரும். போருக்கு அஞ்சி வெளியேறிய குடும்பம் 'அத் வய்னீ' ஓடுகிறது. களத்தை விட்டு ஓடிய சிப்பாய் 'ஸ் வய்னீ' ஓடுகிறான். ஓரெழுத்தில் பாதிக்கப்பட்டவர் ஓடுகாலி ஆகிவிடுவார். அகதி விண்ணப்பம் போன்ற ஆவணங்களில் இதை இருமுறை பாருங்கள்.

'ஸ்' கருவி வேற்றுமையோடு வந்தால் 'உடன்' என்று பொருள். அதனால் 'ஸ்பிஷால் ஸ்' வரை படித்துவிட்டு நிறுத்தினால் வகுப்பிலிருந்து ஓடினானா, வகுப்புத் தோழியோடு ஓடினானா என்று தெரியாது. அடுத்த சொல்லின் விகுதிதான் சொல்லும். ஆங்கில 'எலோப்'புக்கு இந்த இரண்டாம் அமைப்பே போதும். நம் 'ஓடிப்போய்விட்டார்கள்' என்பதுபோலவே வேலை செய்யும்.

ஐந்தாம் படி: பெயர்ச்சொற்களில் தவறினால் விலை அதிகம்

அகதி 'பேஷெனெத்ஸ்'. தப்பியோடியவர் 'பிக்லேத்ஸ்'. வேர் ஒன்று, சட்ட நிலை வேறு. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் ரஷ்ய வடிவத்தில் இருப்பது முதல் சொல். ரஷ்யாவில் 1993 பிப்ரவரியில் இரண்டு தனிச் சட்டங்கள் வந்தன: ஒன்று பேஷெனெத்ஸ்களுக்கு, மற்றது 'வீனுஷ்தென்னி பிரிஸிலேனெத்ஸ்' எனப்படும் கட்டாயக் குடிபெயர்ந்தோருக்கு. பின்னது முக்கியமாக ரஷ்யக் குடிமக்களைக் குறிக்கும். எல்லை தாண்டாமல் உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர்களைப் பற்றிய ஆங்கில அறிக்கையில் பேஷெனெத்ஸ் போடுவது வழக்கமான சறுக்கல்.

தப்பித்தல் என்ற பெயருக்கு இரண்டு. 'பபேக்' சிறை, காவல், முகாம் போன்ற அடைப்பிலிருந்து வெளியேறும் செயல். ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 313ஆம் பிரிவின் தலைப்பே இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. 'பேக்ஸ்த்வ' பொதுவான வெளியேற்றம், அச்சத்தில் ஓடுதல். சிதறியோடும் படைக்கும், நாட்டைவிட்டுப் பறக்கும் மூலதனத்துக்கும் இது. குழந்தை ஏசுவைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்குத் தப்பிய ஓவியங்களின் தலைப்பிலும் இதுவே வரும். ஆங்கில 'ஃப்ளைட்' என்பதைப் பார்த்து விமானப் பறப்பைக் குறிக்கும் சொல்லைப் போட்டுவிடாதீர்கள். பபேக்கிற்கு இன்னொரு பொருளும் உண்டு: செடியின் தளிர். சமையல் குறிப்பில் மூங்கிலின் பபேக் என்று வந்தால் மூங்கில் குருத்து, சிறை உடைப்பு இல்லை.

ஓடிப்போன அடிமை 'பேக்லி'. அதே பெயரடை மேலோட்டமான பார்வையையும், சரளமான பேச்சையும் குறிக்கும்.

நாடோடித்தனத்தைக் குற்றமாகச் சொல்லும் பழைய ஆங்கிலச் சட்டங்களை மொழிபெயர்ப்பவருக்கு 'ப்ரத்யாஷ்னிசெஸ்த்வ' கைகொடுக்கும். சோவியத் காலக் குற்றவியல் சட்டத்தின் 209ஆம் பிரிவு அலைந்து திரிந்து வாழ்வதைக் குற்றமாக்கி, 1991வரை அமலில் இருந்ததால் அந்தச் சொல்லில் இன்னும் காவல்நிலைய வாசனை அடிக்கும். இலக்கியத்துக்கு 'ப்ரத்யாக' போதும்.

தெருநாய் 'ப்ரத்யாச்சய ஸபாக'. பத்திரிகையில் 'வீடற்ற' என்ற அடைமொழியும் புழங்கும். ஆனால் விலங்குகளைப் பொறுப்போடு நடத்துவது பற்றிய 2018ஆம் ஆண்டுச் சட்டம் 'உரிமையாளர் இல்லாத விலங்கு' என்றே சொல்கிறது. நகராட்சி ஆவணமானால் அதை எடுங்கள்.

பெயர்களை ஒருபோதும் புதிதாக மொழிபெயர்க்காதீர்கள். 1911 டிசம்பர் 31 இரவு பீட்டர்ஸ்பர்க்கின் நிலவறை ஒன்றில் தொடங்கிய கவிஞர்களின் விடுதியை ஆங்கிலம் 'ஸ்ட்ரே டாக்' என்கிறது. ரஷ்யனில் அது ப்ரத்யாச்சய ஸபாக மட்டுமே. 1870இல் உருவான ஓவியர் சங்கத்தை ஆங்கில நூல்கள் 'வாண்டரர்ஸ்' என்று எழுதும். அதைப் பார்த்து ஸ்த்ரான்னிக் என்று போட்டால் ரேபினும் கிரம்ஸ்கோயும் மூட்டையோடு தலயாத்திரை கிளம்பிவிடுவார்கள். அவர்கள் 'பிரித்வீஷ்னிகி', ஊர் ஊராக நகரும் கண்காட்சி நடத்தியவர்கள். நகர்ந்தவை ஓவியங்கள். 'வாண்டரிங் ஜ்யூ' என்பது செடியானால் 'த்ரதிஸ்கான்த்ஸிய'. பழங்கதை மாந்தரானால் 'வேச்னி ஷித்', சாகாத யூதன். இதில் இரண்டாம் சொல் இன்று வசைச்சொல். கதையின் பெயராக உறைந்துபோனதால் மட்டும் நிற்கிறது. தவிர்க்க விரும்பினால் அதே கதைமாந்தரை 'அகஸ்ஃபேர்' என்று எழுதலாம்.

மரபுத்தொடர்கள்

இந்தப் பகுதி தமிழருக்கு விருந்து. 'கால்போன போக்கில்' என்பதற்கு ரஷ்யன் 'குதா க்ளஸா க்ளித்யாத்' என்கிறது, கண் பார்க்கும் பக்கம். நம்மைக் கால் இழுத்துப் போகிறது, அவர்களைக் கண். 'தலைதெறிக்க' ஓடுவது 'ஸ்லம்யா கோலவு', தலையை உடைத்துக்கொண்டு. 'பின்னங்கால் பிடரியில் அடிக்க' ஓடியவனுக்கு 'தோல்க ப்யாத்கி ஸ்விர்காலி', குதிகால்கள் மட்டுமே பளிச்சிட்டன. கம்பி நீட்டுவது 'தாத் த்யோரு' அல்லது 'ஸ்மீத்ஸ', இரண்டும் பேச்சுவழக்கு. சத்தமில்லாமல் நழுவுவது 'உலிஸ்னூத்'. 'விட்டால் போதும்' என்று கிளம்புவது 'உநஸீத் நோகி', கால்களைத் தூக்கிக்கொண்டு போவது. நீதிமன்றத் தீர்ப்பிலும் நினைவஞ்சலியிலும் இவை எதுவும் வேண்டாம்.

ஓட்டமே இல்லாத எஸ்கேப்புகளும் உண்டு. வாயு கசிந்தால் 'உத்யேச்க'. பெயர் நினைவுக்கு வராவிட்டால் அது தலையிலிருந்து 'பறந்துபோய்விட்டது' என்று சொல்லவேண்டும். கடற்கரையில் தாய் குழந்தையிடம் 'வாண்டர் ஆஃப் செய்யாதே' என்றால் அலைவதற்கான எந்த வினையும் தேவையில்லை: 'நி அத்ஹதீ தலிகோ', தூரமாகப் போகாதே.

ஒரு வாக்கியத்தை முழுதாகச் செய்து பார்ப்போம்

ஆங்கிலச் செய்தியின் சாரம் இது: போரிலிருந்து ஃப்ளீ செய்த குடும்பம் இரண்டு ஆண்டு ஊர் ஊராக வாண்டர் செய்தது, பிறகு மகன் ரன் அவே ஆனான், ரயில் நிலையத்தருகே தெருக்களில் வாண்டர் செய்துகொண்டிருந்தவனைக் கண்டுபிடித்தார்கள்.

முதல் ஓட்டம் உயிர் பிழைக்க, அச்சுறுத்தல் போர். எனவே ஸ்பஸாத்ஸ, 'அத்'. முதல் வாண்டர் வீடிழந்த அலைச்சல், எனவே ஸ்கிதாத்ஸ. இரண்டாம் வாண்டரில் பையன் தெருவில் சுற்றிக்கொண்டிருந்தான், அவ்வளவே, ப்ரதீத். ஆங்கிலம் ஒரே சொல்லை இருமுறை சொன்னது என்பதற்காக நாமும் சொல்லவேண்டியதில்லை.

'ஸ்பஸாயஸ் அத் வய்னீ, ஸிம்யா த்வா கோத ஸ்கிதாலஸ் ப கரதாம். பதோம் ஸீன் ஸ்பிஷால் இஸ் தோம, இ இவோ நஷ்லீ உ வக்ஸால: ஓன் ப்ரதீல் ப ஊலித்ஸம்.'

இலக்கணம் சரி, அழுத்தம் சரி, முன்னிடைச்சொற்களும் சரி. ஆனால் 'இஸ் தோம' என்றால் 'வீட்டிலிருந்து'. இரண்டு ஆண்டாக வீடே இல்லாமல் அலையும் குடும்பத்தின் பையன் எந்த வீட்டிலிருந்து ஓடியிருப்பான்? வீட்டைவிட்டு ஓடுவது ரஷ்யனில் பழகிய தொடர் என்பதால் கை தானாக அதை எழுதிவிட்டது. அந்த இரண்டு சொல்லை அடித்துவிட்டு 'அத் ரதீதிலெய்', பெற்றோரிடமிருந்து, என்று மாற்றுங்கள்.